அன்வரி, த/பெ சின்னப்பையன்

ஊரூர் குப்பம்,
28.6.93

மாமாவுக்குப் பாஞ்சாலி எழுதுவது. நானும் குழந்தையும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் பஹ்ரைன் போய்ச் சேர்ந்துவிட்டதாக அக்பர் பாஷா கடைக்குப் போன் வந்ததாம், அவர் வந்து சொன்னார். அங்கே வெயில் ஆளையே உருக்குமாமே? தலையில் துணி கட்டாமல் படகு ஏறாதீர்கள். இடுப்புக்குத் தைலம் பெட்டியில் அடியில் வைத்திருக்கிறேன்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. பள்ளிக்கூடம் திறந்து மூன்று வாரம் ஆகிறது. உங்கள் மகள் ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. நான்தான் தினமும் கொண்டுபோய் விடுகிறேன். ஆனால் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பி, "உங்க பொண்ணு ஒரு நாளும் வரலையேம்மா" என்கிறார். வகுப்பில் தலையை எண்ணினால் ஒன்று கூடுதலாக இருக்கிறதாம். பேர் கூப்பிட்டால் ஒன்று குறைகிறதாம். கடைசியில் பார்த்தால், நோட்டில் இவள் பேர் அன்பரசி என்று எழுதியிருக்கிறது! டீச்சர் அன்பரசி, அன்பரசி என்று கத்துகிறார். இவள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "நீதான்டி அன்பரசி" என்றதற்கு, "அது நான் இல்ல டீச்சர். நானு அன்வரி" என்று எழுந்து நின்றாளாம்.

டீச்சரிடம் முழுக் கதையும் சொன்னேன். எண்பத்தேழாம் வருஷத்து மழையில் குப்பத்துக்குள் முட்டி அளவு தண்ணீர். அந்தத் தண்ணீரில் நர்சம்மா அன்வரி பேகம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து வந்தது. குழந்தை கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாய்ந்து, அழாமல் பிறந்தது. கிழவிகள் எல்லாம் கையை விரித்துவிட்டார்கள். நர்சம்மா மட்டும் வாயில் வாய் வைத்து ஊதி ஊதி அழ வைத்தது. நீங்கள் வாசலில் நின்று ஊர் கேட்கச் சொன்னீர்கள், "இது நர்சம்மா குடுத்த மூச்சு, பேரும் நர்சம்மா பேருதான்" என்று. பிரசவம் பார்த்தவர் பேரை வைப்பது நம் குப்பத்தில் புதிதா என்ன? டீச்சர் கண் கலங்கிவிட்டார். ஆனால் நோட்டைத் திருத்த அவருக்கு அதிகாரம் இல்லையாம், ஆபீசில்தான் கேட்கணுமாம்.

சேர்க்கும்போது நீங்கள்தானே போனீர்கள்? ஆபீஸ்காரர் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது. பாரத்தில் என்ன பேர் எழுதினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அதைக் காட்டி ஒரே நாளில் மாற்றிவிடுவேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.
பாஞ்சாலி


பஹ்ரைன்,
22.7.93

அன்புள்ள பாஞ்சாலிக்கு, நான் நன்றாக இருக்கிறேன். நீயும் குழந்தையும் நல்லபடி இருக்க ஆத்தாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எங்கள் படகில் ஆறு பேர். நாலு பேர் நாகர்கோவில் பக்கத்து ஆட்கள், அவர்கள் பேசுவது பாதி புரிவதில்லை. கடல் நம் கடல் மாதிரி இல்லை. அலையே கிடையாது, குளம் மாதிரி கிடக்கிறது. மீன் நிறைய. இடுப்பு வலி பரவாயில்லை.

பேர் விஷயம் படித்தேன். அதற்குப் போய் நீ ஆபீசுக்கு அலையாதே. அன்பரசியும் நல்ல பேர்தானே? வீட்டில் அன்வரி என்று கூப்பிடுவோம், பள்ளிக்கூடத்தில் அன்பரசியாக இருக்கட்டும். எத்தனையோ பேருக்கு இரண்டு பேர் இருக்கிறது. என்னையே சின்ன வயதில் கோழி என்றுதான் கூப்பிட்டார்கள், நான் என்ன கெட்டா போய்விட்டேன்?

குழந்தையைக் கடல் பக்கம் தனியாக விடாதே.
சின்னப்பையன்


ஊரூர் குப்பம்,
9.8.93

மாமாவுக்கு, சுகம். குழந்தைக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்து விட்டுவிட்டது. உங்கள் கடிதம் கிடைத்தது. கிடைத்து என்ன, நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை.

கோழிக் கதை எல்லாம் எனக்கு எதற்கு? உங்களைக் கோழி என்று கூப்பிட்டவன் ரேஷன் கார்டிலும் கோழி என்று எழுதினானா? பள்ளிக்கூடத்து நோட்டில் இருக்கிறதுதான் பத்தாவது சர்டிபிகேட்டில் வரும். அதுதான் வேலையில், அதுதான் கல்யாணப் பத்திரிகையில், எல்லாவற்றிலும் வரும். அப்புறம் நர்சம்மா பேர் எங்கே இருக்கும்? என் வாயில் மட்டும் இருக்கும். நான் போனால் அதுவும் போச்சு.

ஆபீசுக்குப் போனேன். ஆபீஸ் சார் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "பாரத்துல இருக்கிறபடிதாம்மா எழுதியிருக்கோம்" என்றார். அந்தப் பாரத்தைக் காட்டுங்கள் என்றேன். அதெல்லாம் காட்ட முடியாதாம். "ஏம்மா, இந்துப் பொண்ணுக்கு எதுக்கு அந்தப் பேரு? நாளைக்கு ஜாதி சர்டிபிகேட் வாங்கப் போனா நூறு கேள்வி கேப்பான். போன டிசம்பர்ல மசூதிய இடிச்சப்ப ஊரு பத்தி எரிஞ்சதைப் பாத்தியா இல்லையா? உனக்கு நல்லதுதான் நடந்திருக்கு, போ" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, "ஊரு எரிஞ்சா தண்ணி ஊத்துவியா, கொயந்த பேரை அயிப்பியா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். ஆள் பொய் சொல்கிறார் மாமா. அவராகவே எழுதிவிட்டுப் பாரத்தின்மேல் பழி போடுகிறார்.

மந்தைவெளிக்குப் போய் நர்சம்மாவைப் பார்த்தேன். ரிட்டயர் ஆகி மகன் வீட்டில் இருக்கிறது. முழுசும் கேட்டுக்கொண்டது. அப்புறம், "விட்டுடு பாஞ்சாலி. என் பேரால கொழந்தைக்குத் தொந்தரவு வேணாம்" என்றது. சிரித்துக்கொண்டேதான் சொன்னது. "அது இப்ப உங்க பேரு இல்லம்மா, அவ பேரு. நீங்க எப்பிடி விட்டுக் குடுப்பீங்க?" என்றேன். டீ கொடுத்து அனுப்பியது.

மறுபடியும் கேட்கிறேன். பாரத்தில் நீங்கள் என்ன எழுதினீர்கள்?
பாஞ்சாலி


பஹ்ரைன்,
14.9.93

அன்புள்ள பாஞ்சாலிக்கு, நலம். ஒரு மாதம் கடலிலேயே இருந்தோம், கடிதம் தாமதம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததைப் படித்து மனசு சரியில்லை. இங்கே ஒரு கடையில் பூப் போட்ட கவுன் பார்த்தேன், நாகர்கோவில்காரர் ஒருவர் ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

படித்தவர்களிடம் வம்பு வளர்க்காதே. நாளைக்குக் குழந்தையைத்தான் வகுப்பில் ஒதுக்கி வைப்பார்கள். நான் ஊரில் இல்லாத நேரம், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நான் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சின்னப்பையன்


ஊரூர் குப்பம்,
30.9.93

மாமாவுக்கு, நாங்கள் சுகம். கவுன் வந்து சேர்ந்தது. கணுக்கால் வரை தொங்குகிறது, அடுத்த வருஷம் சரியாக இருக்கும்.

நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள், உண்மைதான். நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

போன திங்கட்கிழமை கரையில் மீன் எடுத்ததும் நேராக அடையாறுக்கு வியாபாரத்துக்குப் போகவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து ஆபீஸ் வராந்தாவுக்குப் போய் இறக்கினேன். சங்கரா, காரப்பொடி, கொஞ்சம் வாளை. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பியூன் ஓடி வந்து, "கூடையை வெளிய வையிம்மா" என்றான். "வெளிய வச்சா காக்கா தூக்கும், நீ குடுப்பியா?" என்றேன். பத்தரை மணிக்குள் வாசனை உள்ளே போய்விட்டது. ஆபீஸ் சார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதுகிறார். செவ்வாய்க்கிழமையும் போனேன். புதன்கிழமை வேண்டுமென்றே கொஞ்சம் கருவாடும் சேர்த்து எடுத்துப் போனேன். நானாக ஒரு வார்த்தை பேசவில்லை மாமா, சத்தியமாக. யாராவது ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டால், "என் பொண்ணு பேரைக் காணோம், தேடிக்கினு கீறேன்" என்பேன். அவ்வளவுதான்.

இன்றைக்குப் பெரிய டீச்சரே வெளியில் வந்துவிட்டார். ஜெயபாரதி என்று பேர். அதட்டல் பேர்வழி என்று சொல்லியிருந்தார்கள், ஆனால் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "என்னம்மா வேணும் உங்களுக்கு?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார். பாரத்தை என் கண்ணாலேயே பார்க்கலாமாம். கூடை இல்லாமல் வரணுமாம், அது ஒன்றுதான் நிபந்தனை.

நாளைக்கு அந்த ஆபீஸ் சார் முகத்தைப் பார்க்கணும்! உங்களுக்கும் சேர்த்து நானே நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன்.

பாஞ்சாலி


ஊரூர் குப்பம்,
1.10.93

பாரத்தைப் பார்த்தேன்.

குழந்தையின் பெயர் அன்பரசி என்று ஆபீஸ் சார் எழுத்து. கீழே சின்னப்பையன் என்று உன் கையெழுத்து. கடைசி எழுத்தில் வாலை இழுத்து அடிக்கோடு போட்டிருக்கிறாய்.

"நான் அன்னிக்கே சொன்னேனேம்மா" என்றார் அந்த சார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். மூன்று பேர் பார்க்க.

குழந்தை சுகம்.
பாஞ்சாலி


ஊரூர் குப்பம்,
24.11.93

சின்னப்பையனுக்குப் பாஞ்சாலி எழுதுவது. இங்கே மழை விடவில்லை. கூரைக்குத் தார்ப்பாய் போட்டிருக்கிறேன். குழந்தை சுகம். ஐம்பது நாளுக்கு மேலாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கடலில் இருப்பதாகச் சொல்லாதே. உன் படகு போன மாதமே கரைக்கு வந்துவிட்டதென்று பாஷா கடைக்கு வந்த போனில் தெரியும்.

நீ எழுதாவிட்டால் வேலை நின்றுவிடுமா? நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

பெரிய டீச்சர் சொன்னார், தகப்பன் கையெழுத்துப் போட்ட பேரை மாற்ற, பேர் எழுதிய பிறப்பு சர்டிபிகேட் வேண்டும் என்று. மாநகராட்சி ஆபீசில் போய் எடுத்தால் அதில் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கிறது. பேர் இடம் காலி. நீ வாசலில் நின்று சொன்னாய், ஆபீசில் போய் எழுத யாருக்குத் தோன்றியது? பெற்றவர் ஒருவரும், விஷயம் தெரிந்த சாட்சி ஒருவரும் எழுதிக் கொடுத்தால் பேரைச் சேர்க்கலாம் என்றார்கள்.

மறுபடியும் மந்தைவெளிக்குப் போனேன். நர்சம்மாவிடம் நீ செய்ததைச் சொல்லவில்லை. உனக்காக இல்லை, அதற்கு வலிக்கும் என்று. "நீங்க சாட்சி சொல்ல வர்ணும்" என்றேன். மகன் ஹபீபுர் ரஹ்மான், "ஏன்க்கா அம்மியை இந்த வயசுல ஆபீஸ் ஆபீஸா இழுக்குறீங்க?" என்றார். நர்சம்மா எழுந்து உள்ளே போனது. நான் வீம்பாக உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம் கழித்துப் பர்தா போட்டுக்கொண்டு, கையில் குடையோடு வந்தது. "ஆட்டோ கூப்பிடு ஹபீப்" என்றது. அங்கே ஆபீசர் கேட்டார், "இந்தப் பிரசவம் உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்குதாம்மா?" என்று. "சார், நாலாயிரம் கொழந்தை எடுத்திருக்கேன். என் மூச்சை வாங்கினது இது ஒண்ணுதான்" என்றது. ஆபீசர் பேனாவை எடுத்தார்.

பேர் ஏறிய சர்டிபிகேட்டைக் கொண்டுபோய்ப் பெரிய டீச்சரிடம் கொடுத்தேன். ஆபீஸ் சார் விடவில்லை. தகப்பனார் ஒப்புதல் கடிதம் வேணும் என்கிறார். "அப்பா சொன்னாத்தான் செல்லும், அம்மா சொன்னா செல்லாதா?" என்று கேட்டேன். பெரிய டீச்சர் அந்தப் பாரத்தைத் திருப்பிப் பார்த்தார். 'தகப்பனார் அல்லது காப்பாளர்' என்று அச்சடித்திருந்தது. "தகப்பனார் வெளிநாட்டுல. இப்ப காப்பாளர் யாரு சார்? இந்த அம்மாதானே?" என்றார். கையெழுத்துப் போட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழுத்தி எழுதியதில்லை, தாளே கிழிந்திருக்கும்.

அதிலும் ஆபீஸ் சார் அவசரத்தில் அன்வர் என்று எழுதிவிட்டார். நான் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "சார், இது ஆம்பளப் புள்ள பேரு" என்றேன். "அடக் கடவுளே" என்று தலையில் கை வைத்தவர் தானே சிரித்துவிட்டார். சிவப்பு மையில் அடித்து, மறுபடி எழுதி, பெரிய டீச்சர் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். அன்வரி. நான் ஒருமுறைக்கு மூன்றுமுறை பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நீ இல்லாமலே முடித்துவிட்டேன்.
பாஞ்சாலி


பஹ்ரைன்,
26.11.93

பாஞ்சாலிக்கு, நான் உயிரோடு இருக்கிறேன். உன் சின்னக் கடிதம் அக்டோபரிலேயே கிடைத்தது. நீ என்று எழுதியிருந்தாய். சரிதான். அதற்கு மேல் எனக்கு மரியாதை எதற்கு? ஐந்து தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

அன்றைக்கு விசாவுக்கு மெடிக்கல் டெஸ்ட். பத்து மணிக்கு நிற்கணும். பள்ளிக்கூடத்தில் வரிசை நீளம். என் முறை வந்ததும் ஆபீஸ் சார் பேர் கேட்டார். அன்வரி என்றேன். பேனாவை நிறுத்திவிட்டு, "நீ முஸ்லிமா?" என்றார். வரிசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "இல்ல சார், இந்து" என்றேன். "அப்ப ஏன்யா இந்தப் பேரு?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார். நர்சம்மா கதையைச் சொல்லியிருக்கலாம். அரை நிமிஷம் ஆகியிருக்கும். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "தெரியாம வச்சிட்டோம் சார். நீங்களே நல்ல பேரா ஒண்ணு எழுதிக்குங்க."

அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். பாப்பா என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, வரிசையை வேடிக்கை பார்த்தபடி பக்கத்தில்தான் நின்றாள்.

புயலில் இரண்டு நாள் கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்தவன் நான். அப்போது வராத பயம் ஒரு மேஜைக்கு முன்னால் வந்தது. எனக்கே வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் விமானம் ஏறியது அதைவிட வெட்கம்.

பெரிய டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். தப்பு என்னுடையது, பேர் அன்வரிதான் என்று எழுதியிருக்கிறேன். கொண்டுபோய்க் கொடு.

சின்னப்பையன்


ஊரூர் குப்பம்,
18.12.93

சின்னப்பையனுக்கு, மழை நின்றது. நாங்கள் சுகம். என் கடிதம் அங்கே வரும்போது உன் கடிதம் இங்கே வந்துகொண்டிருந்திருக்கிறது. உன் கடிதத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனாலும் பெரிய டீச்சரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுப் பாரத்தோடு சேர்த்துக் குத்தி வைத்தார். ஆபீஸ் சாரும் படித்தார். படித்துவிட்டு எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

தெரியாம வச்சிட்டோம்! அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு ஆறவில்லை. நீ பயந்தாய், சரி. பயம் யாருக்கு இல்லை? முன்பின் தெரியாத ஆபீசில் எனக்கும்தான் கால் நடுங்கியது. கூடையை இறக்கி வைத்தது எதற்கு, நடுக்கம் தெரியக்கூடாது என்றுதான். ஆனால் பிள்ளையைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்லலாமா? நர்சம்மா அந்த மழையில் தெரியாமலா வந்தது?

பேரை மாற்றியது யார் என்று அவள் என்னைத் தினமும் கேட்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. அதை நீதான் சொல்லணும், உன் வாயால். சொன்ன பிறகுதான் இந்த வீட்டில் உனக்குச் சோறு.

பாஞ்சாலி


பஹ்ரைன்,
11.1.94

அன்வரிக்கு அப்பா எழுதுவது.

நீ நலமா? அப்பா நலம். எழுத்துப் பெரிதாக எழுதியிருக்கிறேன். அம்மாவைப் படிக்கச் சொல்லாதே. நீயே படி.

பள்ளிக்கூடத்தில் உன் பேரை மாற்றியது அப்பாதான். அந்த சார் இல்லை. டீச்சர் இல்லை. அப்பா. அந்த சார் ஏன் இந்தப் பேர் என்று கேட்டார். அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. அதனால் உன் பேரை விட்டுவிட்டேன். அம்மா போய்த் திரும்ப வாங்கி வந்தது.

நான் செய்தது தப்பு. உன் பேர் நல்ல பேர். தெரிந்துதான் வைத்தேன்.

அப்பா சின்னப்பையன்


ஊரூர் குப்பம்,
6.2.94

மாமாவுக்கு, சுகம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் எழுதுங்கள்.

அன்வரிக்கு வந்த கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். அவள் பேருக்கு வந்த முதல் கடிதம், தபால்காரர் வாசலில் நின்று "யாரும்மா இங்க அன்வரி?" என்று கேட்டதும் ஓடிப் போய் வாங்கினாள். கட்டுமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் கிட்டேயே போகவில்லை, மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆனால் கை ஓடவில்லை.

படித்துவிட்டு வந்தாள். அழவில்லை. கோபமா என்றால் அதுவும் தெரியவில்லை. "அப்பாவுக்கு அந்த சாரைப் பாத்தா பயமாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நெஜமாவா? அப்பாவுக்கா?" என்றாள். நெஜம்தான் என்றேன்.

ஏப்ரலில் நீங்கள் லீவில் வந்ததும், மார்க் அட்டை வாங்க இந்தத் தடவை தகப்பனே ஆபீசுக்கு வரட்டும் என்று பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொன்னேன். சட்டென்று நிமிர்ந்து பார்த்து, "அப்பா வர்றப்போ நானும் கூட வரேன். கைய புடிச்சிக்கினு நிக்கிறேன். சாராண்ட நானே பேசிக்கிறேன், அப்பா சும்மா நின்னா போதும்" என்றாள்.

எந்தத் தேதிக்கு வருகிறீர்கள் என்று எழுதுங்கள். அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பாஞ்சாலி